அம்மை என்று மூடி வைக்காதீர்கள்!



நம்ம லயங்களில் யாருக்காவது மேலில் கொப்புளம் கண்டால் போதும். "ஆத்தா வந்துட்டா" என்று வாசலில் வேப்பிலை செருகி, ஆளை உள்ளறையில் படுக்க வைத்துவிடுகிறோம். இதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். வெளியாள் உள்ளே வரக்கூடாது, நோயாளி தனியே இருக்கவேண்டும் என்பதுதான் அதன் பொருள். பாட்டிமார் கண்ட நல்ல வழக்கம். அதோடு நின்றுவிடுவதுதான் தவறு.

பெரியம்மை ஒழிந்தது என்று 1980-ல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் அதன் பங்காளியான குரங்கம்மை ஒழியவில்லை. மனிதரிடம் முதலில் 1970-ல் காங்கோவில் ஒரு குழந்தைக்குக் கண்டது. 2022-ல் பல நாடுகளுக்குப் பரவியது. 2023 ஜூலையில் நம் மலேசியாவிலும் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். இப்போது இதை 'எம்பாக்ஸ்' என்கிறார்கள்.

எப்படி அடையாளம் காண்பது? காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, அசதி வரும். கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். சின்னம்மையில் இப்படிக் கட்டுவது குறைவு. பிறகு முகம், உள்ளங்கை, உள்ளங்கால், மர்ம உறுப்பு ஆகிய இடங்களில் கொப்புளம் எழும்பி, சீழ் வைத்து, பொருக்கு தட்டும். சிலருக்குக் காய்ச்சலே இல்லாமல், மர்ம உறுப்பில் இரண்டொரு புண்ணோடு நின்றுவிடுவதும் உண்டு. வெட்கப்பட்டு மறைப்பது இங்கேதான்.

சின்னப் பிள்ளைக்கு வாயிலும் கையிலும் காலிலும் கொப்புளம் என்றால், பெரும்பாலும் அது கை-கால்-வாய் நோயாக இருக்கும். ஆகவே பதற வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

நெருங்கிப் பழகுவதாலும், உடலுறவாலும், ஒரே துண்டு, போர்வையைப் பயன்படுத்துவதாலும் இது தொற்றும். பெரும்பாலோருக்குத் தானாகவே ஆறிவிடும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால், நிறையத் தண்ணீர், புண்ணைச் சொறியாமல் சுத்தமாக வைப்பது, இவைதான் முக்கிய வைத்தியம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தாமதிக்கவே கூடாது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சொறி என்றதும் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள், நெறியைத் தொட்டுப் பாருங்கள். கேட்கவேண்டியதைத் தனியறையில், நம்ம பாஷையில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் புண்ணிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

கடைசியாக, வயிற்றுப்பாடு. பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் மூடும்வரை நோய் தொற்றும். அதற்கு 2 முதல் 4 வாரம் ஆகும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, 2 வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள்தான் சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் உண்டு. வீட்டில் தனித்திருப்பவன் மீதி நாளுக்கு என்ன செய்வான்? புண்ணைச் சட்டையால் மூடிக்கொண்டு வேலைக்குத்தான் வருவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. டாக்டர் ஒதுங்கியிருக்கச் சொன்னால், அத்தனை நாளுக்கும் சம்பளம் கொடுக்கவேண்டும். அதுதான் நிர்வாகத்துக்கும் லாபம்.

வாசலில் வேப்பிலை இருக்கட்டும். ஆளை மட்டும் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்!