முதல் நாள் வசூல் என்னும் பேய்!

2022 நவம்பர் 25, வெள்ளிக்கிழமை. வருண் தவனும் கிருத்தி சனோனும் நடித்த ‘பேடியா’ என்ற இந்திப் படம் திரைக்கு வந்தது. பேடியா என்றால் ஓநாய். சாலை போடும் ஒப்பந்தத்தோடு அருணாச்சலப் பிரதேசக் காட்டுக்குப் போகும் டெல்லி இளைஞனை ஓர் ஓநாய் கடித்துவிடுகிறது. கடித்த இடமோ வெளியே சொல்ல முடியாத இடம்! அதற்குப் பிறகு அவனே ஓநாயாக மாறத் தொடங்குகிறான். பயமும் சிரிப்பும் கலந்த படம். விமர்சனங்களும் பெரும்பாலும் சாதகமாகவே வந்தன.

ஆனால் மறுநாள் காலையில் ரசிகர்கள் கண் விழித்ததும் தேடியது விமர்சனத்தை அல்ல, முதல் நாள் வசூலை. இந்தியா முழுக்க சுமார் 7.5 கோடி ரூபாய் என்று வர்த்தகக் கணக்கு சொன்னது. அதே வெள்ளிக்கிழமை, எட்டாவது நாளாக ஓடிக்கொண்டிருந்த அஜய் தேவ்கனின் ‘த்ரிஷ்யம் 2’ அதைவிடச் சற்று அதிகமாகவே வசூலித்திருந்தது. தமிழில் ‘பாபநாசம்’ என்று நாம் பார்த்த கதையின் அடுத்த பாகம்தான் அது. புது மாப்பிள்ளை ஊர்வலம் போகும்போது, தெருவே போன வாரத்து மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த கதையாகிவிட்டது.

இப்படி ஓர் எண் வந்து விழுந்ததும் ரசிகர் கூட்டம் நடந்துகொள்ளும் விதம் எந்த மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் நம்ப மாட்டார்கள். “கணக்கு தப்பு, எங்க தியேட்டர் ஹவுஸ்ஃபுல்” என்பார்கள். அடுத்து காரணம் தேடுவார்கள். தேதி சரியில்லை, விளம்பரம் போதவில்லை, டிக்கெட் விலை அதிகம், எதிரே பெரிய படம். மூன்றாவது கட்டம் சண்டை. அடுத்த நடிகரின் ரசிகர்கள் மீம்ஸ் போட, இவர்கள் பதிலுக்கு அந்த நடிகரின் பழைய தோல்விகளைத் தோண்டி எடுக்க, விடிய விடிய நடக்கும். கடைசியாக, கூட்டத்தில் நிதானமானவர் ஒருவர் சொல்வார்: “விடுங்கப்பா, நாளைக்கு டிவியில போட்டா எல்லாரும் கொண்டாடுவாங்க.”

வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் முகம் தெரியாத ஒருவர் மீது வசைமாரி பொழிந்துவிட்டு, தூக்கம் கெட்டு, மறுநாள் வகுப்பில் சோர்ந்து உட்காரும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அந்தப் படத்தில் அவர்களுக்கு ஒரு ரூபாய் பங்கு கிடையாது. ஆனாலும் நஷ்டம் முழுவதும் தங்கள் தலையில் விழுந்தது போலத் துடிக்கிறார்கள். ஏன்?

அதே 7 கோடி, அன்று கொண்டாட்டம்!

‘பேடியா’வை எடுத்த மேடாக் ஃபிலிம்ஸ் நிறுவனமே, 2018 ஆகஸ்ட் 31 அன்று ‘ஸ்த்ரீ’ என்ற பேய் காமெடி படத்தைக் கொண்டு வந்தது. ‘பேடியா’வை இயக்கிய அமர் கௌசிக்தான் இதற்கும் இயக்குநர். இரவில் ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போகும் பெண் பேய். அவர்களின் உடைகள் மட்டும் தெருவில் கிடக்கும். ராஜ்குமார் ராவ், ஷ்ரத்தா கபூர் நடித்த அந்தப் படத்தின் முதல் நாள் வசூல் 7 கோடிக்குச் சற்றுக் குறைவு. அதாவது ‘பேடியா’வை விடக் குறைவு!

ஆனால் அன்று யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. சின்னப் படம் இவ்வளவு எடுத்ததே பெரிது என்று கொண்டாடினார்கள். வாய்வழிப் பேச்சில் கூட்டம் ஏறி, இந்தியாவில் மட்டும் 120 கோடிக்கு மேல் நிகர வசூல் வந்தது.

அதே நிறுவனம் 2024 ஜூன் 7 அன்று ‘முஞ்யா’வை வெளியிட்டது. கொங்கண் பகுதி நாட்டுப்புறக் கதையில் வரும் பேய். போஸ்டரில் பெரிய நட்சத்திரம் யாரும் கிடையாது. முதல் நாளில் வந்தது ஏறக்குறைய 4 கோடி. அதுவும் மெல்ல நடந்து 100 கோடியைத் தாண்டியது.

ஒரே நிறுவனம், ஒரே வகைப் படம். 4 கோடி என்றால் சந்தோஷம், 7 கோடி என்றால் ஆச்சரியம், 7.5 கோடி என்றால் துக்கம்! எண்ணில் இல்லை விஷயம், எதிர்பார்ப்பில் இருக்கிறது. ‘பேடியா’வில் பிரபல கதாநாயகன் இருந்தார், செலவு பிடிக்கும் கிராஃபிக்ஸ் ஓநாய் இருந்தது, 3டி இருந்தது. அந்தச் செலவுக்கு 7.5 கோடி போதாது என்பது தயாரிப்பாளரின் கணக்கு. படம் சரியில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் ரசிகரின் துக்கம் தொடங்குகிறது.

பயத்திலும் நியாயம் இருக்கிறது

அதற்காக முதல் நாள் வசூல் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. தியேட்டர் கணக்கு நடக்கும் விதம் அப்படி.

இந்திப் படத்துக்கு மல்டிபிளெக்ஸில் ஒருவர் 250 ரூபாய்க்கு டிக்கெட் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 18 சதவிகித ஜிஎஸ்டி போனால் மிச்சம் சுமார் 212 ரூபாய். இதைத்தான் நிகர வசூல் என்கிறார்கள். இது முழுவதும் தயாரிப்பாளர் பக்கம் போய்விடாது. 2009-ல் இந்திப் படத் தயாரிப்பாளர்களுக்கும் மல்டிபிளெக்ஸ்களுக்கும் பெரிய தகராறு வந்து, அது முடிந்தபோது ஏற்பட்ட உடன்பாட்டின்படி முதல் வாரம் 50 சதவிகிதம், இரண்டாவது வாரம் 42.5, மூன்றாவது வாரம் 37.5, அதற்குப் பிறகு 30 சதவிகிதம். முதல் வாரம் பார்ப்பவரின் டிக்கெட்டில் இருந்து படக்காரர்கள் பக்கம் போவது 106 ரூபாய். அதே டிக்கெட்டை நான்காவது வாரம் வாங்கினால் 64 ரூபாய்தான். “முதல் வாரமே வந்து பாருங்கள்” என்று நடிகர்கள் கெஞ்சுவதன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இன்னொரு சிக்கல், காட்சிகள். வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாரம் எத்தனை காட்சி கொடுப்பது என்று தியேட்டர்காரர் முடிவு செய்வார். கூட்டம் குறைந்தால் மாலைக் காட்சி போய்விடும், காலைக் காட்சி மட்டும் மிஞ்சும். வேலைக்குப் போகிறவர் காலை 10 மணிக்கு எப்படிப் படம் பார்ப்பார்? கூட்டம் இன்னும் குறையும். படம் நன்றாக இருக்கிறது என்ற பேச்சு பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் படமே தியேட்டரை விட்டுப் போயிருக்கும்.

ஆகவே ரசிகர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. தனக்குப் பிடித்த படம் மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்பே காணாமல் போய்விடுமோ, அடுத்த பாகம் வராமலே போய்விடுமோ என்ற பயம் அது. ‘பேடியா’ சனி, ஞாயிறுகளில் ஏறியது. மூன்று நாளில் 28 கோடியைத் தாண்டியது. ஆனால் ‘த்ரிஷ்யம் 2’ நகர்ந்து வழிவிடவே இல்லை. ‘பேடியா’வின் மொத்தக் கணக்கு 70 கோடியைத் தொடாமலே முடிந்தது.

ஓநாய்க்கு விழுந்த விசில்

கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2023 மே மாதம் ‘பேடியா’ ஓடிடியில் வந்தது. தியேட்டரில் தவறவிட்டவர்கள் வீட்டில் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ‘முஞ்யா’ முடிந்து பெயர்கள் ஓடும்போது அந்த ஓநாய் எட்டிப் பார்த்தது. 2024 ஆகஸ்ட் 15 அன்று ‘ஸ்த்ரீ 2’ வந்தது. முதல் நாளே 50 கோடியைத் தாண்டிய படம். தலையில்லாத அரக்கனோடு மோத, அந்தப் படத்துக்குள் பாய்ந்து வந்ததும் இதே ஓநாய்தான். தியேட்டர்களில் விசில் பறந்தது. ‘பேடியா’வைக் காசு கொடுத்துப் பார்த்தவர்களைவிட அந்த ஓநாய்க்கு விசில் அடித்தவர்கள் பல மடங்கு அதிகம்! 2025 ஜனவரியில் மேடாக் அறிவித்த வருங்காலப் படங்களின் பட்டியலில் ‘பேடியா 2’-வும் இருந்தது.

அன்று ஆறுதல் சொன்ன அந்த நிதானமான ரசிகர் சொன்னது பலித்துவிட்டது என்று நினைக்கலாம். ஆனால் எல்லாப் படத்துக்கும் இது நடப்பதில்லை. ‘பேடியா’வுக்கு மூன்று வாரம் முன்பு, நவம்பர் 4 அன்று, கத்ரினா கைஃப் நடித்த ‘போன் பூத்’ என்ற பேய் காமெடி வந்தது. முதல் நாள் சுமார் 2 கோடி. அந்தப் படம் அதற்குப் பிறகும் எழுந்திருக்கவில்லை. முதல் நாள் சரிந்த படமெல்லாம் ஒருநாள் கொண்டாடப்படும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

திமிங்கிலமும் சூனியக்காரிகளும்

முதல் வார எண்ணை வைத்து எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு அமெரிக்காவில் ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. 1993 ஜூலை 16 அன்று அங்கே இரண்டு குடும்பப் படங்கள் ஒன்றாக வெளியாயின. ஒன்று டிஸ்னியின் ‘ஹோகஸ் போகஸ்’. மூன்று சூனியக்காரச் சகோதரிகள் 300 வருடம் கழித்து உயிர்த்தெழும் பேய் காமெடி. இன்னொன்று ‘ஃப்ரீ வில்லி’. தொட்டியில் அடைபட்ட ஓர்கா திமிங்கிலத்தை விடுவிக்கும் சிறுவனின் கதை.

முதல் மூன்று நாளில் சூனியக்காரிகளுக்கு சுமார் 81 லட்சம் டாலர், நான்காவது இடம். திமிங்கிலத்துக்கு சுமார் 79 லட்சம், ஐந்தாவது இடம். இரண்டும் சுமார்தான். ஆனால் அமெரிக்காவில் ஓடி முடித்தபோது ‘ஃப்ரீ வில்லி’யின் வசூல் 7.7 கோடி டாலர். ‘ஹோகஸ் போகஸ்’ கிட்டத்தட்ட அதில் பாதியோடு நின்று, கையைக் கடித்தது. பேய்களைக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகை அக்டோபர் கடைசியில் வருகிறது. அந்தப் பண்டிகைக் கதையைக் கொளுத்தும் ஜூலையில் வெளியிட்டால் யார் வருவார்கள்?

சரி, சூனியக்காரிகள் தோற்றுவிட்டார்களா? அக்டோபர் தோறும் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். வீடியோ கேசட்டாகவும் வீடுகளுக்குள் போனது. அன்றைய குழந்தைகள் வளர்ந்து, தங்கள் குழந்தைகளை உட்கார வைத்துக் காட்டினார்கள். 29 வருடம் கழித்து, 2022 செப்டம்பர் 30 அன்று, அதே மூன்று நடிகைகளோடு இரண்டாம் பாகம் வந்தது. 1993-ல் அந்தப் படத்தை நேசித்த சிறுவர்கள் யாரோடும் வசூல் கணக்கில் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், அடுத்தவருக்குக் காட்டினார்கள். படத்தைக் காப்பாற்றியது அதுதான்.

ரசிகர் கையில் இருப்பது

இந்தியாவில் வசூலைத் திரட்டி அறிவிக்கும் அரசு அமைப்பு எதுவும் கிடையாது. நாம் பார்ப்பவை தயாரிப்பாளர்கள் சொல்வதும் வர்த்தகக் கணிப்பாளர்கள் மதிப்பிடுவதும்தான். ஒரே படத்துக்கு ஒரே நாளில் மூன்று விதமான எண் வருவது இதனால்தான். அப்படி ஓர் எண்ணுக்காக நண்பனோடு பேச்சை முறித்துக்கொள்வது அநியாயம்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் ரசிகர் போடும் கூச்சல் படத்துக்கு அழகுதான். ஆனால் பேய் காமெடி படங்களை வாழவைப்பது ஞாயிற்றுக்கிழமை வரும் குடும்பங்கள். பேத்தி பயந்து கண்ணை மூடிக்கொள்ள, பாட்டி சிரிக்க, பாப்கார்ன் சிந்த, அடுத்த நாள் ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் அதைப் பற்றிப் பேச, அப்படித்தான் ‘ஸ்த்ரீ’யும் ‘முஞ்யா’வும் ஏறின. அந்தக் குடும்பங்கள் காலையில் செய்தியில் பார்ப்பது “சுமாரான ஓபனிங்” என்ற வரியை மட்டும்தான் என்றால், “அப்ப படம் நல்லா இல்லை போல” என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அவர்களிடம் போய் “எங்க ஆளு கலெக்‌ஷன் தெரியுமா?” என்று கத்தினால் வரமாட்டார்கள். “அந்த மருத்துவர் வர்ற சீன்ல வயிறு வலிக்கச் சிரிச்சேன், ரெண்டாவது பாதி கொஞ்சம் நீளம், ஆனா பார்க்கலாம்” என்று பார்த்தவர் ஒருவர் உள்ளதை உள்ளபடி சொன்னால் வருவார்கள். குறையையும் சேர்த்துச் சொல்கிறவரின் பேச்சில்தான் நம்பிக்கை வரும்.

படம் பிடித்திருந்தால், முடிந்தவர்கள் முதல் வாரத்திலேயே பார்க்கலாம். நாலு பேரிடம் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு ரசிகர் கடன்பட்டவர் அல்ல. லாபமோ நஷ்டமோ, அதைத் தாங்க வேண்டியவர்கள் கையெழுத்துப் போட்டுத் தொழிலுக்கு வந்தவர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு படம் வரும், இன்னோர் எண் வரும். சனிக்கிழமை காலையில் அதைப் பார்த்துவிட்டு ஒரு படத்தை ஒதுக்குவதற்கு முன்னால், பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.