செஞ்சோற்றுக் கடன் யாருடையது?

ஒரே நிறுவனத்தின் வண்டியைத் தலைமுறை தலைமுறையாக வாங்கும் மனிதரைப் பற்றி நம் அறிவுச்சூழலில் ஓர் ஏளனம் புழங்குகிறது. அவர் விளம்பரத்துக்கு அடிமை, பழக்கத்தின் கைதி, சந்தை தரும் தெரிவுகளைப் பயன்படுத்தத் தெரியாத அப்பாவி. விலை ஏறுகிறது, ஷோரூமில் மரியாதை ஒருநாள் கிடைக்கிறது ஒருநாள் கிடைப்பதில்லை. ஆனாலும் அடுத்த வண்டியையும் அதே பெயரில்தான் வாங்குகிறார் என்றால், நுகர்வுக் கலாச்சாரம் அவரை முழுமையாக விழுங்கிவிட்டது என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். இந்த ஏளனத்தை நாம் ஏற்கவில்லை. அதே மனிதரின் உறுதியை 'பந்தம்', 'பாசம்', 'பாரம்பரியம்' என்று இசையோடு படமெடுத்து, அந்தப் பாசத்தின் பேரிலேயே விலைச்சீட்டையும் நீட்டும் நிறுவனங்களின் பேச்சையும் ஏற்கவில்லை. அவர் யோசிப்பதில்லை என்று இரு தரப்பாருமே முடிவுகட்டிவிட்டார்கள். அவர் யோசிக்கிறார், நம்மைவிட நன்றாகவே யோசிக்கிறார் என்பது நம் கட்சி.

போலகத்திலிருந்து தொடங்குவோம். திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய ஊர். வயலும் உண்டு, தொழிற்பேட்டையும் உண்டு. கிழக்கே பட்டினச்சேரியும் கடலும். வடக்கே காரைக்கால். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அதாவது தமிழ்நாடு. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட நிலம் என்பதால், இன்றும் சில கிலோமீட்டருக்குள் அரசு மாறுகிறது, வரி மாறுகிறது. ஒரே கடைத்தெருவில் பி.ஒய். 02 எண் பலகையும் டி.என். 51 எண் பலகையும் அருகருகே நிற்கின்றன. எந்தப் பக்கம் வாங்கினால் எவ்வளவு மிச்சம் என்பதை இந்த ஊர்க்காரருக்கு எந்தப் பொருளாதார நிபுணரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுவையின் வாகன வரி குறைவு என்பதைக் கேரளத்தின் பிரபலங்கள் சிலர் பொய் முகவரி கொடுத்துச் சொகுசுக் கார்களைப் பதிவுசெய்ததாக 2017இல் எழுந்த சர்ச்சை வழியாகத்தான் ஊடகங்கள் கண்டுபிடித்தன. வாஞ்சூர் எல்லையில் வாழ்கிறவருக்கு அது அன்றாடக் கணக்கு.

இவ்வளவு கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், வண்டியின் பெயரை மட்டும் ஏன் மாற்றுவதில்லை?

டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொள்வோம். 1980இல் ஓசூரிலிருந்து வந்தது. இருவர் ஏறிச்செல்லத்தக்க முதல் இந்திய மொபெட். டெல்டாவில் அதில் இருவர் மட்டும் சென்றதை நாம் அதிகம் கண்டதில்லை. உரமூட்டை, பால்கேன், ஐஸ் போட்ட மீன்பெட்டி, புல்லுக்கட்டு, நான்கு பக்கமும் தொங்கும் பிளாஸ்டிக் குடங்கள் என்று அது ஒரு சிறு பாரவண்டியாகவே வாழ்ந்திருக்கிறது. பின்னர் எக்ஸ்எல் ஆயிற்று. 2015இல் நான்கு வீச்சு எஞ்சினோடு எக்ஸ்எல் 100 ஆயிற்று. ஊரார் வாயில் இன்னமும் அது 'டிவிஎஸ் பிஃப்டி'தான்.

மீன் கொண்டுபோகிற ஒருவர் அதை மீண்டும் வாங்கும்போது அவர் வாங்குவது இரும்பை மட்டுமல்ல. உப்புக்காற்று அந்த வண்டியை எந்த இடத்தில் முதலில் அரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். சித்தப்பா வண்டியில் அதே இடம்தான் அரித்தது. சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் மெக்கானிக் தெருமுனையில் இருக்கிறார். கேபிளும் பிளக்கும் சைக்கிள் கடையில்கூடக் கிடைக்கும். அவசரத்துக்கு விற்றால் அன்றைக்கே வாங்க ஆளுண்டு. விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி நின்றுவிட்டால் அன்றைய மீன் அழுகிவிடும் என்கிற வாழ்க்கையில், இவை அத்தனையும் சேர்ந்த ஒன்றுதான் வண்டி. நாற்பதாண்டுகளில் ஓர் ஊர் கூட்டாகச் சேர்த்த அறிவு அது. பெயரை மாற்றினால் அந்த அறிவு முழுவதையும் கைவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நகரத்தில் ஒரே சாலையில் ஆறு ஷோரூம் உள்ளவருக்குத் தெரிவு என்பது விடுதலையாக இருக்கலாம். இங்கே அது ஒரு செலவு. அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துத்தான் நம் மீன்காரர் பழைய பெயரிலேயே நிற்கிறார்.

எனவே விசுவாசம் என்று பெயரிடப்படுவதில் பெரும்பகுதி நிறுவனத்தின்மீது கொண்ட விசுவாசமே அல்ல. அது மெக்கானிக்கின்மீதும், உதிரிபாகக் கடையின்மீதும், உறவுக்காரரின் அனுபவத்தின்மீதும் கொண்ட நம்பிக்கை. நிறுவனம் அந்த நம்பிக்கையின் பயனை அனுபவிக்கிறது. அதைப் படைத்தது நிறுவனம் மட்டுமல்ல.

இதற்குப் புல்லட் ஒரு நல்ல சான்று. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டாகத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, சென்னைத் திருவொற்றியூரில் வேர்விட்டது. 1970 வாக்கில் இங்கிலாந்துத் தாய்நிறுவனத்தின் கதை முடிந்துபோன பிறகும் இங்கே வண்டி தொடர்ந்து வந்தது. 1994இல் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி, விற்றுவிடலாமா மூடிவிடலாமா என்று உரிமையாளர்களே யோசிக்கும் நிலைமை. எண்ணெய் ஒழுகும், உதைத்தால் திருப்பி உதைக்கும் என்றெல்லாம் பெயரெடுத்த அந்த வண்டியை அந்த நாட்களில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் யார்? பழைய வாடிக்கையாளர்களும், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஊர் மெக்கானிக்குகளை நம்பியவர்களும்தான். 2024-25 நிதியாண்டில் அதே நிறுவனம் 10 லட்சத்துக்கும் மேல் வண்டிகளை விற்றிருக்கிறது. வடிவமைப்பாளரின் திறமையையும் நிர்வாகத்தின் துணிச்சலையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் மெலிந்த காலத்தில் சோறிட்டவர்கள் வேறு. கொழுத்த காலத்தில் கதை சொல்கிறவர்கள் வேறு.

விலையைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். ஏறிய விலை முழுவதையும் முதலாளியின் பேராசை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம், உண்மை அல்ல. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம்நபர் காப்பீட்டை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றாயிற்று. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ், மற்றவற்றுக்கு இணைப்பு பிரேக். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 புகை விதி. கார்புரேட்டர் போய் எரிபொருள் பீய்ச்சும் மின்னணு அமைப்பு வந்தது. 2023 நவம்பரில் தமிழ்நாடு, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வாகனத்தின் வாழ்நாள் வரியை 8 சதவீதத்திலிருந்து 10ஆகவும், அதற்கு மேற்பட்டதற்கு 12ஆகவும் உயர்த்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18ஆகக் குறைந்தது உண்மையே. அதுவரை மீன் சுமக்கும் மொபெட்டும் சொகுசுப் பொருளுக்கான விகிதத்திலேதான் வரி கட்டியது என்பதும் உண்மையே.

புகை குறைவதும் உயிர் பிழைப்பதும் நல்லவை. அவற்றுக்கான விலையைக் கொடுக்க மக்கள் மறுக்கவில்லை. கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. விலை ஏறிய அதே காலத்தில், அந்த விலைக்கு ஈடாக ஊரார் பெற்றுவந்த ஒன்று சத்தமில்லாமல் பறிபோனது. மின்னணு அமைப்பு வந்ததும், கோளாறைக் கண்டறியும் கருவியும் மென்பொருளும் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குள் போய்விட்டன. சத்தத்தை வைத்துக் கோளாறு சொன்ன மெக்கானிக், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கையை விரிக்க வேண்டியவரானார். எந்த அறிவை நம்பி மீன்காரர் அந்தப் பெயரில் நின்றாரோ, அந்த அறிவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. பெயர் மட்டும் மிச்சம்.

பூட்டின் சாவி முகவரிடம். முகவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. கடைசிப் பேருந்து போய்விடுமே என்று மூடும் நேரம் தாண்டியும் நின்று வேலையை முடித்துக் கொடுத்த ஃபோர்மேனும் உண்டு. நிறுவனத்தோடு மல்லுக்கட்டி இலவசமாகப் பாகம் மாற்றித்தந்தவரும் உண்டு. அவர்களுடைய பெயரால்தான் பல நிறுவனங்களின் பெயர் காப்பாற்றப்படுகிறது. இன்னொரு பக்கம் உண்டு. 'கையாளும் கட்டணம்' என்று ஒரு வரி. கேட்காத உதிரிப் பொருட்களை மாட்டி அதற்கொரு தொகை. காப்பீட்டை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது விதியாக இருக்க, எங்களிடம் எடுத்தால்தான் வண்டி கிடைக்கும் என்ற மிரட்டல். சர்வீசுக்கு விட்டால் மாற்றியதும் மாற்றாததும் ஒரே ரசீதில். ஒரே நிறுவனம், ஒரே வண்டி. ஓர் ஊரில் உபசாரம், அடுத்த ஊரில் அலட்சியம். குறை சொன்னால் நிறுவனம் முகவரைக் காட்டுகிறது, முகவர் நிறுவனத்தைக் காட்டுகிறார். விளம்பரத்தில் 'நம் குடும்பம்' என்று சொன்னவர்கள், குறைதீர்க்கும் நேரத்தில் இரு வேறு சட்ட நபர்களாகிவிடுகிறார்கள்.

இது நம் கற்பனை என்று நினைப்பவர்களுக்காக: 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும் பழுதுநீக்கும் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்பதே குற்றம். வெளியில் பழுதுபார்த்தால் உத்தரவாதம் ரத்து என்கிற பொதுவான மிரட்டலையும் ஆணையம் கண்டித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குள் புகுந்துகொண்டது; தடையால் யார் நஷ்டப்பட்டார்கள் என்ற கேள்வி மட்டும் வெளியே நிற்கிறது. 2021 ஆகஸ்டில் மாருதி சுசூகிக்கு 200 கோடி அபராதம்; முகவர்கள் தம் விருப்பப்படி தள்ளுபடி தருவதை நிறுவனம் கட்டுப்படுத்தியது என்று ஆணையம் கூறிற்று. முகவரின் தள்ளுபடிவரை கண்காணிக்க முடிகிற நிறுவனத்தால், முகவரின் சர்வீசைக் கண்காணிக்க முடியவில்லை என்பதை எப்படி நம்புவது?

பிடிக்காவிட்டால் வேறு பெயருக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள் சந்தையின் பக்தர்கள். மாறியவர்களின் கதையும் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாபெரும் ஆலை கட்டி, முகவர்களே வேண்டாம் என்று தானே நேரடியாக விற்க வந்தது ஓலா எலெக்ட்ரிக். 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அதைப் பற்றி வந்த புகார்கள் 10,644. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு அறிக்கை அனுப்பியது. பழைய பெயரில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்த எண்ணை ஒருமுறை படிக்கட்டும். தெருமுனை மெக்கானிக் இல்லாத வண்டி என்னவாகும் என்பதைப் போலகத்துக்காரர் முன்கூட்டியே கணித்திருந்தார்; அவ்வளவுதான்.

நிறுவனங்களின் தரப்பில் விசுவாசம் எப்படியிருக்கும் என்பதற்கு வரலாறு இரக்கமற்ற விடை தருகிறது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோது, மறைமலைநகரின் தொழிலாளர்களும், அந்தப் பெயரையே நம்பிக் கார் வாங்கியவர்களும் ஒரே நாளில் செய்தி அறிந்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடிய அம்பாசிடரின் உற்பத்தி 2014இல் நின்றது. 2017இல் அந்தப் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு நிறுவனமான பியூஜோவுக்கு விற்கப்பட்டது. ஆலையை விற்கவில்லை, அச்சுகளை விற்கவில்லை; பெயரை விற்றார்கள். அந்தப் பெயருக்கு 80 கோடி மதிப்பு எங்கிருந்து வந்தது? டாக்சி ஓட்டியவர்களும் கல்யாணக் கார் கேட்டவர்களும் பட்டறைக்காரர்களும் தங்கள் ஆயுளால் ஏற்றிய மதிப்பு அது. அதில் ஒரு ரூபாய்கூட அவர்களுக்கான உதிரிபாகமாகத் திரும்பவில்லை.

நம் மரபில் விசுவாசத்துக்கு ஓர் அழகிய பெயருண்டு: செஞ்சோற்றுக் கடன். கும்பகர்ணனும் கர்ணனும் அதற்காகவே மாண்டார்கள். அறம் மறுபக்கம் நிற்கிறது என்று தெரிந்தும் உண்ட சோற்றுக்காக நின்றவர்கள் என்று அவர்களுக்காகக் கண்ணீர் சிந்தும் பண்பாடு நம்முடையது. ஆனால் அந்தக் கடன் உண்டவருக்கு உரியது. இங்கே உண்டவர் யார், ஊட்டியவர் யார்? போலகத்து மீன்காரர் எந்த நிறுவனத்தின் சோற்றையும் உண்ணவில்லை. நிறுவனம்தான் அவர் தவணை கட்டிய பணத்தில் உண்டது. கடன்பட்டவர் கடன்கொடுத்தவரைப் பார்த்து 'விசுவாசமாக இரு' என்று பாட்டுப் பாடுகிற விசித்திரத்தைத்தான் நாம் விளம்பரம் என்று ரசித்துக்கொண்டிருக்கிறோம். இதே கரையில் சற்று வடக்கேயுள்ள காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்ந்தது அவர்களுடைய நடுவுநிலைக்காக. வாங்கியவரின் உருக்கத்துக்காக அல்ல.

அந்தக் கடனை எப்படி அடைப்பது என்பதும் தெளிவாகவே இருக்கிறது. ஒரு வண்டியை நிறுத்தினால், அதன் உதிரிபாகங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பது சட்டமாக வேண்டும். பழுதறியும் கருவியும் கையேடும், நியாயமான விலையில், தமிழில், தெருமுனை மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். விலைச்சீட்டில் வண்டிக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு, முகவருக்கு எவ்வளவு என்பது தனித்தனியே இருக்க வேண்டும். முகவரின் தவறுக்கு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். இவை எட்டாக்கனிகள் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இலேயே வாக்களித்து வாகனப் பழுதுநீக்கும் உரிமையைப் பெற்றார்கள். நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022இல் இதற்கென ஒரு குழு அமைத்து, வாகனங்களையும் விவசாயக் கருவிகளையும் அதன் வரம்புக்குள் சேர்த்தது. இணையவாசல் திறந்தாயிற்று, சட்டம்தான் இல்லை.

அதுவரை, பழைய பெயரிலேயே வண்டி வாங்கும் மனிதரைப் பார்த்து நண்பர்கள் சிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அவரை மெச்சி உருகவும் வேண்டாம். அவருக்கு வரவேண்டிய பாக்கி இருக்கிறது. அதை வசூலிக்க அவர் பக்கம் நிற்பதே இப்போது செய்யத்தக்கது.