ஓவியம் தாங்கிய பழம்பதிப்புகள்

பழம்பொருள்களைத் தேடித் தொகுப்போர் பல திறத்தினர். நாணயம் தொகுப்போர் சிலர். அஞ்சல் தலை தொகுப்போர் சிலர். பழைய ஆங்கிலப் புதினங்களின் ஓவியப் பதிப்புகளைத் தேடிப் பேணுவோரும் உளர். இப்புதினங்கள் இன்று மலிவுப் பதிப்புகளாகக் கிடைக்கின்றன; கணிப்பொறியின் வாயிலாக விலையின்றியும் அவற்றைப் படிக்கலாம். அங்ஙனம் இருக்க, தாள் பழுத்த பழம்பதிப்பு ஒன்றுக்குப் பெரும்பொருள் ஈவது வீண் செலவு அன்றோ எனச் சிலர் வினவுவர். இவ்வினா எள்ளத்தக்கதன்று; ஆராயத்தக்கதாகும்.

சொல்லே நூல், படம் அதன் மேற்பூச்சு என்று கருதுவதனால் இவ்வினா எழுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் புதினங்கள் பலவற்றில் ஓவியம் வெறும் மேற்பூச்சாக அமையவில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் புதினத்தின் பிறப்பே இதற்குச் சான்றாகும். இராபர்ட் சீமர் என்னும் ஓவியர் வரையவிருந்த நகைச்சுவைப் படங்களுக்கு உரைப்பகுதி எழுதித் தருமாறு, 1836-ஆம் ஆண்டில் பதிப்பாளர் டிக்கன்ஸை அழைத்தனர். அப்போது அவர் 24 வயது இளைஞர். அவ்வாண்டிலேயே சீமர் மறைந்தார். சில திங்களில், ‘பிஸ்’ என்னும் புனைபெயர் பூண்ட ஹேப்லட் பிரௌன் அப்பணியை ஏற்றார். திங்கள்தோறும் ஒரு ஷில்லிங் விலையில் வெளிவந்த அப்பகுதிகளை மக்கள் படத்தோடு சேர்த்தே படித்தனர். அதுமுதல் இருபதாண்டுகளுக்கு மேலாக டிக்கன்ஸின் புதினங்கள் பலவற்றுக்குப் பிரௌனே படம் வரைந்தார். எக்காட்சியை வரைதல் வேண்டும் என்பதை டிக்கன்ஸ் அவருக்கு முன்னரே உணர்த்துவார்.

தாக்கரே என்னும் ஆசிரியரோ, 1847-48-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் ‘வேனிட்டி ஃபேர்’ என்னும் புதினத்துக்குத் தாமே படம் வரைந்தார். அதன் இறுதிப் பகுதியில் ஜோஸ் என்பவன், பெக்கி என்னும் சூழ்ச்சிக்காரிக்கு அஞ்சித் தன் நண்பனிடம் முறையிடுகின்றான். பின்னர் அவன் இறந்தான் என்று நூல் கூறுகின்றது. கொலை என்று வெளிப்படையாகக் கூறவில்லை. ஆயின், படத்தில் பெக்கி திரைக்குப் பின்னே மறைந்து நிற்கின்றாள். படத்தின் கீழே, கணவனைக் கொன்ற கிரேக்கக் கதைத்தலைவி கிளைட்டெம்நெஸ்டிராவின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஆசிரியர் சொல்லால் குறிப்பாக விட்ட ஐயத்தைக் கோட்டால் வலியுறுத்திவிட்டார். படமற்ற பதிப்பைப் படிப்போர் கதையிலேயே ஒரு பகுதியை இழந்தோர் ஆவர்.

பழம்பதிப்பு அக்காலத் தொழில் திறத்துக்கும் சான்று பகர்கின்றது. பாக்ஸ் மரத்தின் குறுக்கு வெட்டு முகத்தில் கைதேர்ந்த செதுக்காளர் ஓவியத்தைச் செதுக்குவர். அம்மரக் கட்டை அச்செழுத்தின் உயரமே உடையதாதலின், எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் ஒருங்கே அச்சேறின. ‘ஆலிஸின் அற்புத உலகம்’ என்னும் கதைநூலுக்கு ஜான் டென்னியல் வரைந்த 42 படங்களையும் டால்சியல் உடன்பிறந்தார் இவ்வாறே செதுக்கினர். 1865-ஆம் ஆண்டில் அந்நூல் 2000 படிகள் அச்சாயிற்று. அச்சு நன்றாக இல்லை என ஓவியர் குறை கூறினார். ஆசிரியர் லூயி கரோல் அப்பதிப்பைத் திரும்பப் பெற்று, வேறோர் அச்சகத்தில் மீண்டும் அச்சிடச் செய்தார். ஒரு படத்தின் தெளிவுக்காக ஒரு பதிப்பையே கைவிட்ட அக்கவனத்தை மலிவுப் பதிப்புகளில் காண்டல் அரிது.

இத்தகைய நூல்களுக்குப் பகையாவன செல்லும் ஈரமும் மட்டும் அல்ல, கத்தரிக்கோலும் பகையே. நூலில் உள்ள படங்களை அறுத்தெடுத்துச் சட்டமிட்டுத் தனித்தனியே விற்கும் வணிகர் உளர். முழுநூலின் விலையினும் படங்களின் மொத்த விலை மிகுதலே இதற்குக் காரணம். இஃது இக்காலத்துத் தோன்றிய வழக்கமும் அன்று. கிரேஞ்சர் என்பார் 1769-ஆம் ஆண்டில் வெளியிட்ட வரலாற்று நூலில் ஒட்டுவதற்காகப் பிற நூல்களின் படங்களை வெட்டியெடுத்தோர் பலர். “பெட்டியில் உறங்கும் படம் சுவரில் தொங்கினால் பலர் கண்டு மகிழ்வரே!” என்று இவர்கள் கூறுவர். முன்னரே சிதைந்து, படிக்கவியலாத நூலாயின் அக்கூற்று ஒருவாறு பொருந்தும். முழுமையான நூலுக்கு அது சிறிதும் பொருந்தாது. கதையினின்று பிரிந்த பெக்கியின் படம் திரைக்குப் பின் நிற்கும் ஒரு பெண்ணின் படமே. அவள் எவருக்குப் பின்னே, எதன்பொருட்டு நிற்கின்றாள் என்பதை அச்சுவர் கூறுமோ? அறுத்த ஏட்டை மீண்டும் இணைத்து முன்போல் ஆக்குதலும் இயலாது.

தொகுப்போர் அனைவரும் போற்றத்தக்கவரும் அல்லர். 1894-ஆம் ஆண்டில் ஹ்யூ தாம்சன் படங்களோடு வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ பதிப்பின் அட்டையில் பொன்மயமான மயில் ஒன்று தோகை விரித்து நிற்கும். அம்மயிலுக்காகவே நூலை வாங்கி, ஏட்டைப் புரட்டாது கண்ணாடிப் பேழையில் பூட்டி வைப்போர் செல்வத்தைக் காட்டுவோரே அன்றி நூலைப் பேணுவோர் அல்லர். நல்ல தொகுப்பாளர் நூலின் முகப்பில் உள்ள படவரிசையைக் கொண்டு படங்கள் குறைவின்றி உள்ளனவா என ஆராய்வர். வெயிலும் ஈரமும் படாது காப்பர். தூய, உலர்ந்த கையால் ஏட்டைப் புரட்டிப் படிப்பர். படிக்க விழைவோர்க்குக் காட்டுவர். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. முதற்பதிப்பே வேண்டும் என்னும் பிடிவாதம் இல்லாதார்க்கு, அதே படங்களைக் கொண்ட பிற்காலப் பதிப்புகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஆசிரியரும் ஓவியரும் செதுக்காளரும் அச்சுத் தொழிலாளரும் கூடிப் படைத்த பொருள் ஒரு பழம்பதிப்பு. அதனை வாங்குவோர் அதற்கு உடையவர் என்பதினும் சில காலம் காவல் பூண்டவர் என்பதே பொருந்தும். பெற்றவாறே குறைவின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தலே அக்காவலர்தம் கடமையாகும்.