‘ஜிஐஎல் பாத்துக்கும்’

பைத்தானில் வெப் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது: "ஒரு நேரத்துல ஒரு திரெட்தான் ஓடும், மத்ததை ஜிஐஎல் பாத்துக்கும்." ஜிஐஎல் என்றால் குளோபல் இன்டர்பிரெட்டர் லாக்; ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டு. அந்தத் தைரியத்தில், லாகின் செய்தவர் யார் என்பதை ஃபைலின் உச்சியில் ஒரு குளோபல் வேரியபிளில் போட்டுவிடுவார்கள். ஃபங்ஷன் ஃபங்ஷனாகக் கடத்திக்கொண்டிருக்கும் தொல்லை மிச்சம்.

நானும் போட்டவன்தான். சம்பளச் சீட்டு காட்டும் சின்ன ஃபிளாஸ்க் அப்ளிகேஷன். மாதக் கடைசியில் அக்கவுன்ட்ஸ் அக்கா போன் செய்தார்: "தம்பி, நான் லாகின் பண்ணா மேனேஜர் சம்பளம் வருதுப்பா." என் லேப்டாப்பில் ஒருமுறைகூட அப்படி வந்ததில்லை. வராது, அங்கே கிளிக் செய்தது நான் ஒருத்தன்தானே.

நடந்தது இவ்வளவுதான். அக்காவின் ரிக்வெஸ்ட் வந்து வேரியபிளில் அவர் பெயரை எழுதியது. அடுத்த வரி, டேட்டாபேஸிலிருந்து லீவு கணக்கை எடுக்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்தத் திரெட் ஜிஐஎல்லை விட்டுக்கொடுத்துவிடும். அந்தச் சந்தில் மேனேஜரின் ரிக்வெஸ்ட் நுழைந்து, அதே வேரியபிளில் தன் பெயரை எழுதியது. அக்காவின் திரெட் திரும்பி வந்து "யார் சீட்டு?" என்று பார்த்தால், மேனேஜர். ஜிஐஎல் தன் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இன்டர்பிரெட்டரின் உள்கணக்கைக் காப்பதுதான் அதன் வேலை. உங்கள் வேரியபிளில் இருப்பது யார் பெயர் என்று அதற்கென்ன தெரியும்? காத்திருப்பே இல்லாவிட்டாலும், இன்னொரு திரெட் கேட்டால் 5 மில்லி செகண்டில் ஜிஐஎல் கைமாறும்.

"எங்க குனிகார்ன் சர்வர்ல சிங்க் வொர்க்கர், புராசஸுக்கு ஒரே ரிக்வெஸ்ட்" என்பார்கள். அங்கே நிலைமை கழுவாத தட்டு. லாகின் செய்யாமல் ஒருவர் வந்தால், முன்னவர் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

திரெட்டுக்கு ஒரு தனி மதிப்பு வைக்கும் திரெட் லோக்கலும் முழு மருந்தல்ல. அசிங்க்ஐஓவில் ஒரே திரெட்டில் நூறு டாஸ்க் ஓடும்; அத்தனைக்கும் அதே ஒரு மதிப்புதான். 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்கு அடுத்தவரின் உரையாடல் தலைப்புகள் தெரிந்ததும், பொது இடத்தில் ஒருவருடையது தங்கிவிடும் இந்த வகைக் கோளாறுதான். நடுவில் ரத்தான ரிக்வெஸ்ட்டின் பதில், பலருக்கும் பொதுவான ரெடிஸ் டேட்டாபேஸ் கனெக்‌ஷனில் தங்கிவிட்டது. அடுத்து அந்தக் கனெக்‌ஷனை எடுத்தவர் கையில் போய்ச் சேர்ந்தது.

ஒரே திரெட்டில் ஓடும் டாஸ்க்குகளும் தனித்தனி மதிப்பை வைத்துக்கொள்ளத்தான் 2018இல் பைத்தான் 3.7 கான்டெக்ஸ்ட்வார்ஸைக் கொடுத்தது; 2022இல் ஃபிளாஸ்க் 2.2 அதற்கு மாறியது. அதன்மேல் நிற்பதுதான் ஃபிளாஸ்கின் ‘ஜி’. குளோபல் என்பதன் முதலெழுத்தாம். இதைவிடக் குழப்பமான பெயரை யாரும் வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாகத் திறந்து, முடிந்ததும் தூக்கிப்போடப்படும் பை அது. ரிக்வெஸ்ட்டுக்கு முன் ஓடும் பிஃபோர் ரிக்வெஸ்ட் ஃபங்ஷனில் யூசரை அதில் வைத்தேன். மாற்றியது இரண்டே வரி.

இன்னமும் ஜிஐஎல்லை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 2024இல் வந்த பைத்தான் 3.13இல், ஜிஐஎல்லே இல்லாத பதிப்பும் சோதனைக்காகச் சேர்ந்தே வந்துவிட்டது.