தூங்காத அரசன்

ராணுவக் காதல் கதை நமக்குப் புதிய சரக்கு இல்லை. முல்லைப்பாட்டில் நப்பூதனார் 103 அடிகளில் செய்து முடித்த காரியம் அது. வீட்டில் மனைவி உறங்கவில்லை. பாசறையில் அரசனும் உறங்கவில்லை. வெட்டுண்ட யானைகள், உண்ட சோற்றுக்கு உயிரைத் தந்தவர்கள், அம்பு தைத்துத் தீனி மறந்த குதிரைகள் அவனை விழிக்க வைக்கின்றன. விசுவாசத்தைப் பெற்றுக்கொண்டவனும் கடன்பட்டவன் என்ற பிரக்ஞை அது.

‘அமரன்’ (2024) படத்தில் இது இல்லை. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25இல் ஷோபியானில் இறந்தது கொட்டகைக்குள் நுழைகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே திகிலுக்கு வேலையில்லை, மிஞ்சுவது துக்கம். அதையும் மனைவி பெறும் அசோக சக்கரத்தோடு தீர்த்துவிடுகிறார்கள். காதல் வரவு, மரணம் செலவு, பெருமிதம் மீதி. வங்கிக் குமாஸ்தாவான எனக்கே கூசுகிற அளவுக்குக் கணக்கு நேராகிவிடுகிறது. மாண்டவரிடம் எனக்கு வழக்கில்லை. வழக்கு இந்தக் கணக்கோடுதான்.

நான் வேலை பார்க்கும் வல்லம் வடகாலில் சிப்காட்டின் வான்வெளிப் பூங்கா இருக்கிறது. போர் இங்கே உதிரிபாகமாக, கடன் மனுவாக மேஜைக்கு வரும். யார் தூக்கமும் கெடுவதில்லை. கெடுக்க வேண்டியது கலை. பார்த்தவனை அழவைத்து நிம்மதியாக உறங்க அனுப்புகிற படைப்பு, துக்கத்துக்குத் துரோகம் செய்கிறது.