ஸ்க்ரப்ஸ் சீரியலும் ஸ்டோர் ரூமில் ஒளிந்த டாக்டர்களும்

1/
நைட் டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்து, திரும்பவும் ஒரு ஆஸ்பத்திரி சீரியலைப் போட்டுப் பார்க்கிறவனை என்னன்னு சொல்றது? என் மனைவி அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதில் சொல்லத்தான் இந்தத் திரெட். கொஞ்சம் நீளம், டீயோடு உட்காருங்க. ஸ்பாய்லர் உண்டு.

2/
சீரியல் பெயர் ஸ்க்ரப்ஸ். 2001-ல் அமெரிக்காவின் என்பிசி சேனலில் தொடங்கி, பிறகு ஏபிசிக்கு மாறி, 2010 வரை 9 சீசன் ஓடிய காமெடி. சேக்ரட் ஹார்ட் என்ற கற்பனை ஆஸ்பத்திரியில் ஜேடி, டர்க், எலியட் என மூன்று பேர் இன்டர்னாகச் சேர்கிறார்கள். ஏறக்குறைய நம்ம ஊர் ஹவுஸ் சர்ஜன் மாதிரி. அங்கிருந்து ஆரம்பிக்கிறது கதை.

3/
நம்ம சினிமாவில் டாக்டர் என்றால் யார்? ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கண்ணாடியைக் கழற்றி, "24 மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியும்" என்பவர். அமெரிக்காவின் ஹவுஸ் சீரியலில் டாக்டர் ஒரு துப்பறியும் நிபுணர். இரண்டு இடத்திலும் அவருக்கு பயமே கிடையாது.

ஸ்க்ரப்ஸில் டாக்டருக்கு பயம்தான் முதல் குணம்.

4/
முதல் எபிசோடிலேயே அந்தக் காட்சி வந்துவிடும். ஒரு நோயாளிக்கு இதயம் நின்றுவிட்டது என்று அழைப்பு வருகிறது. முதலில் போய்ச் சேரும் டாக்டர்தான் பொறுப்பு எடுக்கணும். ஜேடி ஓடிப்போய் ஸ்டோர் ரூமில் ஒளிகிறான். உள்ளே ஏற்கெனவே எலியட் ஒளிந்திருக்கிறாள்!

ஊரே சிரிக்கும் காட்சி. நான் சிரிக்கல. ஏன்னா நானும் ஓடியிருக்கேன்.

5/
ஹவுஸ் சர்ஜனாகி முதல் வாரம். ராத்திரி 2 மணி. "டாக்டர், அரெஸ்ட்!" என்று சிஸ்டர் கத்தினார். ஓடினேன். நோயாளியை நோக்கி இல்லை. "டியூப் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லி எதிர்த்திசையில்.

திரும்பி வரும்போது பிஜி அண்ணன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். என்னை யாரும் கவனிக்கலைன்னு நினைச்சேன்.

6/
விடியற்காலையில் அந்த சிஸ்டர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வாட்டி டியூப் எடுக்க நான் போறேன். நீங்க பேஷன்ட்கிட்ட நில்லுங்க டாக்டர்."

அவ்வளவுதான். யாரிடமும் சொல்லலை. ஸ்க்ரப்ஸில் கார்லா என்கிற நர்ஸ் பாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த சிஸ்டர்தான் ஞாபகம் வருவார். புது டாக்டரை விட வார்டு தெரிந்தவர் சீனியர் நர்ஸ் என்பதை அந்த சீரியல் முதல் நாளே ஒப்புக்கொள்கிறது.

7/
இவ்வளவு சரியாக எப்படி எழுதினார்கள்? சீரியலை உருவாக்கிய பில் லாரன்ஸின் கல்லூரி நண்பர் ஒரு டாக்டர். அவருடைய இன்டர்ன் கால அனுபவங்கள்தான் கதைக்கு விதை. பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸில் மூடிக் கிடந்த ஒரு நிஜ ஆஸ்பத்திரிக்குள்ளேயே எடுத்தார்கள். பின்னணியில் சிரிப்புச் சத்தமும் கிடையாது. எங்கே சிரிக்கணும்னு யாரும் நமக்குச் சொல்வதில்லை. அதனால்தான் சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது சட்டென்று ஒரு மரணம் வந்து நிற்க முடிகிறது.

8/
உதாரணம், முதல் சீசனின் நான்காவது எபிசோட். இங்கே அட்மிட் ஆகும் மூன்று பேரில் ஒருவர் இறப்பார் என்கிறான் ஜேடி. மூன்று டாக்டர்கள், மூன்று நோயாளிகள். அந்த ஒருவர் யார்னு நாம் கணக்குப் போட்டுக்கொண்டே பார்ப்போம்.

மூவருமே இறந்துவிடுகிறார்கள்.

டயாலிசிஸ் வேண்டாம், வாழ்ந்தது போதும் என்கிற ஒரு பாட்டி. அவருக்கு ஆறுதல் சொல்லப் போன ஜேடிக்கு அவர் ஆறுதல் சொல்லி அனுப்புகிறார்.

9/
டாக்டராக ஒரு சின்னத் திருத்தம்: மூன்றில் ஒன்று என்பதெல்லாம் கதைக்கான கணக்கு. சாதாரண வார்டில் அப்படி நடக்காது. பயந்துகொண்டு அட்மிஷனைத் தள்ளிப்போடாதீங்க. ஆனா வரிசையா மூணு பேரை இழக்கிற நைட் டூட்டி உண்டு. மறுநாள் காலையில் கேன்டீனில் பொங்கலுக்கு ஏன் சட்னி இல்லைன்னு சண்டை போட்டுக்கிட்டிருப்போம். வெளியே இருந்து பார்த்தால் கல் நெஞ்சம். அந்தச் சண்டை இல்லேன்னா அடுத்த டூட்டிக்கு வர முடியாது.

10/
இப்போ நான் சொல்ல வந்த விஷயம். ஸ்க்ரப்ஸில் எல்லாருக்கும் பிடிச்ச பாத்திரம் டாக்டர் காக்ஸ். சீனியர். தேள் நாக்கு. ஜேடியைத் தினமும் ஒரு பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மட்டம் தட்டுவார். பெண் பெயரே அவமானமா என்று இன்றைக்கு முகம் சுளிக்க வைக்கும் ஜோக். அன்னைக்கு ஹாஸ்டலில் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

11/
ஐந்தாவது சீசனில் அதே காக்ஸ் உடைந்துபோவார். இறந்துபோன ஒரு பெண்ணின் உறுப்புகளை மூன்று பேருக்குப் பொருத்தச் சொல்கிறார். அவளுக்கு ரேபிஸ் இருந்தது யாருக்கும் தெரியாது. மூவரும் போய்விடுகிறார்கள். அதில் ஒருவர் இன்னும் ஒரு மாசம் காத்திருந்திருக்கலாமே என்ற நினைப்பு அவரைக் கொல்கிறது. டூட்டி நடுவிலேயே வெளியே போய்விடுகிறார்.

கற்பனை என்று நினைக்காதீங்க. 2004-ல் அமெரிக்காவில் உறுப்பு மாற்று மூலம் ரேபிஸ் பரவி நிஜமாகவே நோயாளிகள் இறந்தார்கள். அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸிலிருந்து மீள்வது மிக மிக அரிது. நாய் கடிச்சா உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிட்டு ஊசிக்கு வாங்க. இதை எந்தத் திரெட்டிலும் சொல்லாமல் விடமாட்டேன்.

12/
காக்ஸை நாம் மன்னிப்பது இதனால்தான். கதவு மூடிய பிறகு அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கேமரா நமக்குக் காட்டுகிறது. திட்டுக்குப் பின்னால் இருக்கும் அக்கறை நமக்குத் தெரியும்.

நிஜ வார்டில் கேமரா இல்லை. ஜூனியருக்குத் தெரிவது திட்டு மட்டும்தான்.

13/
இது எனக்குப் புரிய பத்து வருஷம் ஆச்சு. போன வருஷம் கேஷுவாலிட்டியில் ஒரே நேரத்தில் ரெண்டு ஆக்சிடென்ட் கேஸ். ஒரு ஹவுஸ் சர்ஜன் பொண்ணு ஐவி லைன் போடத் தடுமாறினாள். "எம்பிபிஎஸ் எப்படிம்மா பாஸ் பண்ணின?" என்றேன். அட்டெண்டர்கள் முன்னாடி. ரெண்டு பேர் சிரிச்சாங்க. எனக்கும் நல்லா காக்ஸ் மாதிரி பேசிட்டோம்னு ஒரு நினைப்பு.

அரை மணி நேரம் கழிச்சு காட்டன் எடுக்க ஸ்டோர் ரூமைத் திறந்தேன். உள்ளே அவள். குளுக்கோஸ் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

14/
முதல் எபிசோட் ஞாபகம் வந்தது. இந்த முறை நான் ஜேடி இல்லை. ஜேடியை ஓட வைத்தவன்.

ஸாரி சொன்னேன். டியூப் எடுக்க ஓடின கதையைச் சொன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "நிஜமாவா சார்?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்த நைட்டே இன்னொரு லைன், ஒரே குத்தில் போட்டாள்.

15/
அதனால் மனைவிக்கு என் பதில்: நான் பார்ப்பது ஆஸ்பத்திரியை இல்லை. ஆஸ்பத்திரியில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத "எனக்கு பயமா இருக்கு" என்ற வார்த்தையை. அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்ல விடுறாங்க பாருங்க, அதுதான் இந்த சீரியலின் ஈர்ப்பு. உங்க ஆபீஸ், பேங்க், ஸ்கூல் எதுவாக இருந்தாலும் இது பொருந்தும்.

16/
சீனியர் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். காக்ஸ் கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது அவர் நாக்கு இல்லை. இத்தனை வருஷம் கழிச்சும் ஒரு மரணத்துக்கு உடைகிற அந்த மனசு.

இப்போ புது பேட்ச் வந்தால் முதல் நாளே டியூப் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோர் ரூம் எங்கே இருக்குன்னும் காட்டிவிடுகிறேன். காட்டன் அங்கேதான் இருக்கு.

சரி, 8 மணி டூட்டிக்கு நேரமாச்சு. கிளம்புறேன்.