செருப்புத் தைத்தவர் செய்த குற்றம்

உடையவர் ஒன்றுகூடி விலையை உயர்த்தினால் அது வணிகம்! உழைப்பவர் ஒன்றுகூடிக் கூலியை உயர்த்தக் கேட்டால் அது கூட்டுச்சூழ்ச்சி! இவ் இரட்டை அளவுகோலின் அடியை அமெரிக்க மண்ணில் முதற்கண் தாங்கியவர் செருப்புத் தைக்கும் தொழிலாளரே.

1794இல் பிலடெல்பியா நகரில் அவர்கள் தமக்கெனக் கழகம் கண்டனர். 1805இல் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினர். 1806இல் எண்மர் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். கூலியை உயர்த்தக் கூடியதே குற்றம் எனத் தீர்ப்பாயிற்று. ஆளுக்கு 8 தாலர் தண்டம். 1776இல் ஆங்கிலேயரின் நுகத்தடியை உதறிய நாடு, 30 ஆண்டுகளுக்குள் அதே ஆங்கிலேயரின் பொதுச்சட்டத்தை எடுத்துத் தன் உழைப்பாளரின் கழுத்தில் பூட்டியது! விடுதலை யாருக்கு வந்தது?

அந்நுகம் தளர 36 ஆண்டுகள் ஆயின. பாசுட்டன் செருப்புத் தொழிலாளரின் வழக்கில், 1842இல், மாசச்சூசெட்சு தலைமை நடுவர் இலெமுவேல் சா, நோக்கமும் வழியும் முறையானவையாயின் கழகம் சேர்வது குற்றமாகாது என்றார்.

1860 பிப்பிரவரி 22இல் இலின் நகரில் எழுந்த வேலைநிறுத்தம் ஊர்தோறும் பரவி, ஏறத்தாழ 20,000 பேரைத் திரட்டியது. கொட்டும் பனியில் பெண்களும் அணிவகுத்தனர். 1867இல் மில்வாக்கியில் தோன்றிய தூய கிரிசுபின் மறவர் கழகம் மூன்றே ஆண்டுகளில் 50,000 பேரளவுக்கு வளர்ந்தது. 1869இல் பெண்களும் கிரிசுபின் மகளிர் கழகம் கண்டனர்.

இத்துணை வலிவு ஏன் நிலைக்கவில்லை? தைப்புப்பொறி வந்தபின் கைத்திறன் இல்லாரும் காலணி செய்யலாயினர். புதியவர்க்குத் தொழில் கற்பிக்கலாகாது எனக் கழகம் விதி வகுத்தது. கதவை உள்ளிருந்து அடைத்தனர். முதலாளியோ வேறு கதவைத் திறந்தான். 1870இல் நார்த் ஆடம்சு ஊரில் வேலைநிறுத்தத்தை முறிக்கக் கால்வின் சாம்சன் என்னும் ஆலையுடையவன் கலிபோர்னியாவிலிருந்து 75 சீனரைக் கொணர்ந்தான். உழைப்பாளரின் சினம் அவன்மேல் நிலைக்கவில்லை. வந்த ஏழையர்மேல் பாய்ந்தது. கழகத்தாருள் சிலர் சீனரையும் அணி சேர்க்க முயன்றனர். 'விரட்டு' என்ற கூச்சலே மேலோங்கியது. 1882இல் சீனத் தொழிலாளர் வரவைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதனால் செருப்புத் தைத்தவன் கூலி உயர்ந்ததா? இல்லை! அதற்கு முன்பே, 1873இன் பொருளியல் நெருக்கடியும் சேர்ந்து தாக்க, கிரிசுபின் கழகம் சிதைந்துவிட்டது.

வழக்குமன்றம் உடைக்க முயன்றபோது உழைப்பாளர் மீண்டும் மீண்டும் எழுந்தனர். தம்முள் ஒருவரை ஒருவர் பகையெனக் கருதியபோதே வீழ்ந்தனர். கூலியைக் குறைப்பவன் கையை விட்டுவிட்டு, குறைந்த கூலிக்குத் தள்ளப்பட்டவன் கழுத்தைப் பிடிப்பது வீரமாகாது. அது முதலாளிக்குச் செய்யும் கூலியில்லா ஊழியம்!